இசைத்தட்டில் இல்லாத வெண்டல்

என் அண்ணன் வெண்டல் ஹாக், டின் லான்டர்ன்ஸ் குழுவின் டிரம்ஸ்காரன். அவனைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் நிறையப் பேர். அவன் வாசிப்பைக் கேட்டவர்கள் குறைவு. அங்கே இசைத்தட்டை ஓடவிடுவார்கள். அவன் சத்தம் வராதபடி ரப்பர் போர்த்திய டிரம்ஸை அடிப்பான்.

ஆரம்பத்தில் எங்கள் ஊர் சாண்டஸ்கியில், ஏரிக்கரை ஸ்கேட்டிங் கூடத்தில்தான் அவர்கள் சனிக்கிழமைகளில் வாசித்தார்கள். வெண்டல் தாளத்தை மயிரிழை பிந்தி அடிப்பான். விழப்போகிறவன் கடைசி நொடியில் காலை ஊன்றிக்கொள்வது போல இருக்கும். அதற்கு ஆடவே கூட்டம் வரும். அதைக் கேட்டுத்தான் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் லோவெல் அவர்களை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அழைத்தார்.

அங்கே வழக்கம் வேறு. குழு பாடினால் போதும்; வாத்தியங்களுக்குக் கூலிக் கலைஞர்கள் இருந்தார்கள். டிரம்ஸுக்கு ஆர்ட் என்ற வழுக்கைத் தலைக்காரர். காலையில் சோப்பு விளம்பரத்துக்கு வாசித்துவிட்டு, மதியம் எங்கள் வெண்டலாகிவிடுவார். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. முதல் பாட்டே நாடு முழுக்க ஓடியது, அடுத்த இரண்டும் ஓடின.

ஆனால் மேடையில் வெண்டல்தானே வாசிக்க வேண்டும்? இண்டியானாபோலிஸ் கச்சேரியில் ஒருத்தி கத்தினாள்: "ரெக்கார்டுல இருக்கிறவன் எங்கடா? அவனைக் கூட்டிட்டு வாங்க." அன்றிலிருந்து அவன் தங்குமிடங்களில் இசைத்தட்டைப் போட்டுப் போட்டு ஆர்ட்டின் அடிகளைப் பழகினான். இரண்டு வருடம்.

"ஒரே ஒரு பாட்டுலயாவது என் கை இருக்கணும், ரூதி" என்பான் என்னிடம்.

நான் பள்ளியை முடித்த கோடையில் பாடகன் கர்ட் அவனுக்காகச் சண்டை போட்டான். லோவெல் இறங்கி வந்து, ஒரு பாட்டுக்குச் சம்மதித்தார். நானும் ஸ்டுடியோவுக்குப் போனேன்.

வெண்டல் பிசகில்லாமல் வாசித்தான்.

"நல்லாருக்கு. ஆர்ட் மாதிரியே இருக்கு" என்றார் லோவெல், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் என்னருகிலிருந்து, மைக்கில்.

வெண்டல் சிரித்தான்.

"ஆர்ட் மாதிரி வேணும்னா ஆர்ட்டையே கூப்பிட்டுப்பேனே? ஸ்கேட்டிங் கூடத்துல வாசிச்சியே, அதை வாசிப்பா."

வாசித்தான். தாளம் பிந்தவில்லை, தளர்ந்தது.

"இப்ப தூங்குது" என்றார்.

மறுபடி வாசித்தான். மறுபடியும். பிறகு குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "ரூதி, அது எப்படி இருக்கும்? உனக்கு ஞாபகம் இருக்கா?"

நான் உள்ளே போய்க் கைதட்டிக் காட்டினேன். அவன் என் கைகளையே பார்த்தான். குச்சியை எடுத்ததும் அவன் கை ஆர்ட்டின் இடத்தில் போய் விழுந்தது. எனக்கும் அதற்கு மேல் காட்டத் தெரியவில்லை; வெளியே வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன்.

லோவெல் ஆளனுப்ப, பக்கத்து ஸ்டுடியோவிலிருந்து ஆர்ட் வந்தார். "கோச்சுக்காத தம்பி, கூப்பிட்டா வரணும், என் பொழப்பு அப்படி."

"உங்க மேல என்ன கோவம், ஆர்ட்? உக்காருங்க" என்று வெண்டல் எழுந்து இடம் விட்டான்.

ஆர்ட் ஒரே தடவையில் முடித்துவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். கர்ட் தரையைப் பார்த்தபடி, "வெள்ளிக்கிழமை கிளீவ்லாண்டுல இதையும் பாடணும், வெண்டல்" என்றான்.

"தெரியும்."

அதற்குள் வெண்டல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கண்ணாடி வழியாக ஆர்ட்டின் கைகளைக் கவனித்து, முழங்காலில் விரல்களால் தட்டத் தொடங்கியிருந்தான். ஒரு அடிகூடப் பிசகவில்லை.