கறுத்துப்போன ஏழு சீட்டுகள்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். தேவாலா கடைவீதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. கூட்டித் துடைப்பது, வருகிறவர்கள் பெயரை நோட்டில் எழுதுவது, ஜெராக்ஸ் எடுப்பது, லேமினேஷன் போடுவது. பாடம் நடத்துவது சார்தான். அருவங்காட்டுத் தொழிற்சாலை ஆபீசில் இருந்து ஓய்வுபெற்ற கோயமுத்தூர்க்காரர். ஆனாலும் எஸ்டேட்டுப் பிள்ளைகளின் அம்மாக்கள் என்னையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி எனக்குக் கூசும்.

அந்த வருடம் பதினோரு பெண்பிள்ளைகள் கோர்ஸ் முடித்திருந்தார்கள். பரீட்சை எப்போதும் ஊட்டியில்தான். விடியற்காலை பஸ், கூடலூரில் இறங்கி இன்னொரு பஸ், மழை நாளில் எங்கே மரம் விழுந்து கிடக்குமோ தெரியாது. அதனால் முந்தின வருடம் பாதிப் பிள்ளைகளை வீட்டில் அனுப்பவே இல்லை. இந்த முறை எங்கள் சென்டரிலேயே பரீட்சை நடத்த அனுமதி கேட்டுச் சார் பரீட்சை ஆபீசுக்கு எழுதிப் போட்டார். எட்டு கம்ப்யூட்டரிலும் ஒரிஜினல் சிஸ்டம் இருக்க வேண்டும், வியாழக்கிழமை வந்து பார்ப்போம் என்று பதில் வந்தது. எங்களுடைய எட்டிலும் இருந்ததோ காசு கொடுக்காத ஒரே திருட்டுக் காப்பி.

சார் கோயமுத்தூர்க் கடை ஒன்றில் சொல்லி எட்டு எண்கள் வாங்கினார். ஒரு மிஷினுக்கு ஒரு எண். எழுத்தும் இலக்கமுமாக இருபத்தைந்து. அதை அடித்து, நெட் வழியாக மிஷின் ஏற்றுக்கொண்டால்தான் ஆக்டிவேட் ஆனதாக அர்த்தம். எட்டு எண்ணும் எட்டுச் சீட்டுகளாக, கடை பில் அடிக்கிற அதே வழுவழுத்த தாளில், பில்லோடு சேர்ந்து கூரியரில் வந்தன.

கூடலூரிலிருந்து மெக்கானிக் வந்து எட்டிலும் புது சிஸ்டம் ஏற்றினார். முதல் மிஷின் ஆக்டிவேட் ஆனது. அதோடு நெட் போய்விட்டது. எங்கேயோ மரம் விழுந்து கேபிள் அறுந்திருந்தது. அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாயிற்று.

"சேச்சி, நெட் வந்தா மத்த ஏழும் நீங்களே அடிக்கலாம். ஒரு சீட்டு ஒரு மிஷினுக்கு. சீட்டு மட்டும் பத்திரம், போனா பிறகு கிட்டாது."

பத்திரம் என்று என்னிடம் சொல்லியிருக்கவே வேண்டாம். அதன்பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. எங்கள் பக்கம் ஜூன் பிறந்தால் எல்லாவற்றிலும் பூஞ்சை. பெல்ட்டில், செருப்பில், கல்யாண ஆல்பத்தின் அட்டையில். ரேஷன் கார்டு, டி.சி., ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எது கையில் கிடைத்தாலும் ஜனங்கள் முதலில் லேமினேஷனுக்குத்தான் ஓடி வருவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஏழு சீட்டுகளையும் ஓரம் பார்த்து வரிசையாக ஒரே பெரிய உறையில் வைத்து, பில்லையும் சேர்த்து, மிஷின் நன்றாகச் சூடேறும்வரை காத்திருந்து உள்ளே விட்டேன்.

மறுபக்கம் வந்தது எட்டுக் கறுப்புப் பட்டைகள்.

சூடு பட்டால் பில் தாள் கறுத்துப்போகும் என்று எனக்குத் தெரியாது. வருடக்கணக்கில் லேமினேஷன் போட்டவள்தான், ஆனால் பில்லை யார் கொண்டுவந்து போடச் சொல்கிறார்கள்? ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தபோது ஒரு சீட்டில் K மாதிரி ஒன்று தெரிந்தது. அது R ஆகவும் இருக்கலாம்.

திங்கட்கிழமை நெட் வந்தது. முதல் மிஷினின் சீட்டு மேஜை டிராயரில் தப்பியிருந்தது. எந்த எண்ணானாலும் எண்தானே, இரண்டாவது மிஷினும் ஏற்றுக்கொள்ளட்டும் என்று சாமியை நினைத்துக்கொண்டு அதையே அடித்தேன். இந்த எண் வேறு கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றது. மூன்றாவதும் அதையேதான் சொன்னது. வெறும் மிஷின்தான், ஆனாலும் எட்டாவதை முடிக்கும்போது ஏழு பேரிடம் பேச்சு வாங்கின மாதிரி இருந்தது. ஏழு திரையிலும் வலது பக்கக் கீழ்மூலையில், ஆக்டிவேட் செய்யவும் என்று வெளிறின ஆங்கில எழுத்து நின்றது.

கடைக்குப் போன் போட்டேன். பில் நம்பர் கேட்டார்கள். அதுவும் கறுத்துவிட்டது என்றேன். எண்ணை அச்சடித்துக் கொடுத்த பிறகு தாங்கள் எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் சார் கேட்டார். "அம்மிணி, எல்லாம் ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க சார்."

என் வாய்தான் சொன்னது. செவ்வாயும் புதனும் அவர் முகத்தைப் பார்த்தபோதெல்லாம் சொல்லிவிட வாயெடுத்தேன். எட்டாவது படித்தவளை நம்பி விட்டோமே என்று நினைப்பாரே. அதற்குள் வழியில் ஏதாவது மண்சரிந்து, பார்க்க வருகிற அதிகாரி வராமல் போகட்டும் என்றுகூட வேண்டினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஊருக்கே கேடு வரட்டும் என்றல்லவா கேட்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு அதிகாரி வந்தார். அமைதியான அம்மாள். ஈரக் குடையை வாசலிலேயே வைத்தார். முதல் மிஷினைப் பார்த்துத் தலையசைத்தார். சார் சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்றார். இரண்டாவதில் உட்கார்ந்ததும் அந்த அம்மாளின் விரல் அந்தக் கீழ்மூலைக்குப் போனது. பிறகு மூன்றாவது. சார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே போய் அந்த லேமினேஷன் தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். சொல்ல வேண்டியதை எப்படியோ சொன்னேன்.

அந்த அம்மாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சொல்வது பொய்யில்லை என்று தெரிகிறது, ஆனாலும் ஒரு கம்ப்யூட்டரை வைத்து அனுமதி எழுத முடியாது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். டீ வேண்டாம் என்று குடையை எடுத்துக்கொண்டு போனார்.

சார் ஒவ்வொரு மிஷினாக அணைத்துக்கொண்டே வந்தார். கடைசியில்தான் கேட்டார்.

"திங்கக்கெழமையே சொல்லியிருந்தா, நானே கோயமுத்தூருக்குப் போய் வேற ஏழு வாங்கிட்டு வந்திருப்பனுங்களே அம்மிணி. ஏனுங்க சொல்லல?"

திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போனேன். ஊட்டிக்கு நானே கூட்டிப்போய்க் கூட்டிவருகிறேன், ஒரு பிள்ளையையும் தனியே விடமாட்டேன் என்று கெஞ்சினேன். சிலர் சரி என்றார்கள். சிலர் கதவருகிலேயே நிறுத்திப் பேசினார்கள். எஸ்டேட்டு வரிசை வீடுகளில் கடைசி லயத்தில் ஒரு அம்மா தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்காமலே கேட்டாள்.

"இங்கனயே பரீச்சைன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க? அத நம்பித்தான அவ அப்பன்கிட்ட பேசி வச்சேன். இப்ப ஊட்டின்னா அந்த மனுசன் விடுவாரா?"

கேட்டுப் பாருங்கள் என்றேன். பார்க்கிறேன் என்றாள். வகுப்பிலேயே நன்றாக டைப் அடிக்கிற பிள்ளை அவள் மகள்.

பரீட்சை அன்று மழை விட்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் ஐந்து பிள்ளைகள் வந்து நின்றார்கள். பஸ் வந்ததும் அவர்களை ஏற்றிவிட்டு, நான் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கண்டக்டரிடம் இரண்டே நிமிடம் கேட்டேன். அந்தக் கடைசி லயத்திலிருந்து இறங்கும் பாதை அங்கிருந்து நன்றாகத் தெரியும். அவர் இரண்டு நிமிடத்துக்கு மேலேயே நிறுத்தினார். டிரைவர் ஹாரன்கூட அடித்துப் பார்த்தார். பிறகு கண்டக்டர்தான் சொன்னார்.

"வர்றவங்க வந்திருப்பாங்கம்மா. கூடலூர்ல அடுத்த வண்டிய விட்ருவீங்க."

பாதையில் யாரும் இல்லை. அடுத்த காலையும் எடுத்துப் படியில் வைத்தேன்.