ஒன்றும் செய்யாத காற்று

வேலை முடிந்து வரும் அம்மாவின் சேலையில் சூடான இரும்பின் வாசனை அடிக்கும். தலைமுடியில் ஒட்டிய எவர்சில்வர் தூள் டியூப்லைட் வெளிச்சத்தில் மினுமினுக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்பக்கம், பால் டேங்க் செய்யும் பட்டறை ஒன்றில், அவளுக்கும் அவள் தோழி மும்தாஜ் அக்காவுக்கும் டேங்குக்குள் நுழைந்து தேய்த்து மெருகேற்றுகிற வேலை. வெல்டிங் வைத்த இடம் கறுக்காமலிருக்க உள்ளே "ஆர்கான்" விடுவார்கள். எதோடும் சேராத வாயு. எரியாது, வெடிக்காது, நாறாது. "அது ஒன்னியும் பண்ணாத கேஸும்மா" என்று சூப்பர்வைசர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்த கோடையில், அவசர ஆர்டர் என்று, வெல்டிங் முடிந்த கையோடு, காற்றாடக்கூட விடாமல் அம்மாவை உள்ளே அனுப்பினார்கள். ஆர்கான் கனமானது, அடியில் தேங்கி, நாம் மூச்சுவிடும் காற்றை வெளியே தள்ளிவிடும். திணறல்கூடத் தெரியாமல், குனிந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். டேங்கின் வாயருகே விழுந்ததால், மும்தாஜ் அக்கா வெளியிலிருந்தே காலைப் பிடித்து இழுத்துப் போட்டு உயிரைக் காப்பாற்றினாள்.

ஆஸ்பத்திரியில் சூப்பர்வைசர் டாக்டரிடம் சொன்னார்: "காலீல ஒன்னும் துன்னாம வந்துகீது சார், அதான் மயக்கம்."

டாக்டரும் தலையாட்டினார். அன்று காலை நானும் அம்மாவும் ஒரே தட்டில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டிருந்தோம். "பொய்! எங்கம்மா சாப்டுச்சு!" என்று கத்தினேன். "சின்னப் பொண்ணு, கம்முனு இரு" என்று என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். சாகக் கிடந்தவள்மீதே பழியைப் போட்ட அந்த வாயை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் அம்மா நேராகப் பட்டறை வாசலுக்குப் போனாள். நானும் கூடவே ஓடினேன். "ஒன்னியும் பண்ணாதுன்னா நீ போயி உள்ளே படு சார், நான் வெளியே நிக்கிறேன்" என்று சூப்பர்வைசரிடம் சொன்னாள். அவர் உள்ளே போகவில்லை; அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மும்தாஜ் அக்கா கையிலிருந்த மிஷினைக் கீழே வைத்துவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்றப் பெண்களும் வந்தார்கள். டேங்குக்குள் காற்றடிக்கும் "புளோயர்" வந்து இறங்கும்வரை ஒருத்தியும் உள்ளே போகவில்லை. ஆனால் கொஞ்ச நாளிலேயே, உடம்பு சரியில்லாதவள் என்று சொல்லி அம்மாவை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

சரியில்லாமல் போனது உண்மைதான். தெருவையே சிரிக்கவைக்கும் பேச்சுக்காரி, மூச்சுக்காற்றில்லாமல் கிடந்த அந்தச் சில நிமிடங்களுக்குப் பிறகு பாதி வாக்கியத்தில் நின்று சொல் தேடத் தொடங்கினாள்.

பட்டாபிராமில் இப்போது நாங்கள் இருக்கும் ஃபிளாட்டிலிருந்து போன மாதம் அவளை அந்தப் பட்டறைக்கு அழைத்துப்போனேன். பட்டறை இல்லை, உயரமான குடியிருப்பு நிற்கிறது. "ஆரைப் பாக்கணும்?" என்றார் வாசலில் இருந்த காவலாளி. அம்மா, "இங்கதான்பா, பெரிசா, பாலு ஊத்துவாங்களே..." என்று கைகளை அகல விரித்துக் காட்டினாள். சொல் வரவில்லை. நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். "அப்டியாம்மா" என்றபடி அவர் ஒரு காருக்குக் கேட்டைத் திறக்கப் போனார். விரித்த கைகளை மடக்காமல் அம்மா அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டே நின்றாள்.