கறுப்பு வேறு, வெள்ளை வேறு

"ஆம்பளை யாரும் வரலையா?" என்று வாசலிலேயே கேட்ட வீடுகளுக்குள் நுழைந்து வேலை பார்த்தது, சாரத்திலிருந்து விழுந்து முறிந்த இடது தோளை ஒன்பதே மாதத்தில் மறுபடி தலைக்கு மேல் தூக்கியது, இந்தக் கீலுங் துறைமுக ஊரில் ஒரு பெண்ணாக 'மேஸ்திரி' என்று அழைக்கப்பட்டது. என் தங்கை ஜியான் பீயுன் வென்றவை இவை. எடுத்துச் சொன்னால், "அக்கா, சுவத்தப் பாரு, என்னப் பாக்காத" என்று விரல் முட்டியால் சுவரைத் தட்டத் தொடங்கிவிடுவாள்.

பூச்சு பிடித்திருக்கும் இடம் கெட்டியாக ஒலிக்கும். உள்ளே விட்டுப்போன இடம் காலி டப்பா போல ஒலிக்கும். ஒலி மாறுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. பிறகு மூக்கைச் சுவரில் வைத்து முகர்வாள். மதியச் சோற்றுப் பெட்டியையும் அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் பிரிப்பாள். முதுகு காட்டினால் அது எதையாவது மறைத்துவிடுமாம்.

வருடத்தில் பாதி நாளுக்கு மேல் மழை பெய்கிற ஊர் இது. வீட்டுக்குள் சுவரில் என்ன கறை கண்டாலும் எங்கள் ஜனங்கள், சுவருக்கே புற்றுநோய் வந்ததுபோல, 'சுவர்ப் புற்று' என்று ஒரே பெயர் வைத்துவிடுவார்கள். பீயுனுக்கு அது பிடிக்காது. பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து, உப்பு மாதிரி வெள்ளைப் பொடி உதிர்ந்தால்தான் அது புற்று; தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கறுப்புப் புள்ளி வெறும் பூஞ்சை. அந்த ஈரம் பெரும்பாலும் அறையின் காற்றில் இருக்கிறது. "கறுப்பு வேற, வெள்ளை வேற. பேரத் தப்பாச் சொன்னா மருந்தும் தப்பாத்தான் போகும்" என்பாள்.

பெயர் தப்பானதால் ஒரு வீட்டின் குளியலறையே உடைபட இருந்தது. மூன்றாம் மாடியில் கப்பல் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற காவ். அவருக்கு மேல் வீட்டில் ஷென் அம்மா. பக்கவாதத்தில் விழுந்த கணவரைத் தினமும் இரண்டு வேளை தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டுகிறவர். காவின் படுக்கையறைச் சுவர் கறுத்தது. பீயுன் பதினோரு வருடம் வேலை பார்த்த ஒப்பந்தக்காரர் ஹூ வந்து, இது புற்று, மேலே குளிக்கிற தண்ணீர்தான் இறங்குகிறது, மேல் குளியலறையை உடைக்க வேண்டும் என்றார். காவ் சமரசக் குழுவில் மனு கொடுத்தார். உடைத்துக் கட்டி முடிக்கும்வரை கணவரை எங்கே வைத்துக் குளிப்பாட்டுவது என்று ஷென் அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார்.

ஹூ, படம் எடுத்து வரத்தான் பீயுனை அனுப்பினார். அவள் கறுத்த இடத்தில் இரண்டு சாண் பிளாஸ்டிக் தாளை வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டு வந்தாள். இரண்டு நாள் கழித்துப் போய், காவையே பிரிக்கச் சொன்னாள். சுவர்ப்பக்கம் உலர்ந்திருந்தது. அறைப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்.

"மாமா, இது மேலேருந்து வரல. உங்க மூச்சும், இங்க காயப்போட்ட துணியுந்தான்."

"முப்பது வருஷமா மூச்சு விடுறோம். இப்பத்தான் சுவத்துக்கு வலிக்குதா?"

"போன வருஷம் புது ஜன்னல் போட்டீங்களே. காத்து வந்த சந்து பொந்தெல்லாம் அடைச்சாச்சு. பீரோவையும் சுவத்தோட ஒட்டி வச்சிருக்கீங்க."

அவர் மனைவி சிரித்துவிட்டார். "கப்பல்லயே கெடந்த மனுஷனுக்குத் தண்ணி எந்தப் பக்கம்னு தெரியல."

காவுக்கு முகம் சிவந்தது. "வாயால சொன்னா ஆச்சா? முத்திரை வச்ச காகிதம் ஹூ குடுத்திருக்கான். நீ எழுதிக் குடுப்பியா?"

செய்தி ஹூவுக்குப் போனது. "நீ எனக்கு ஆளா, சுவத்துக்கு ஆளா?" என்று கேட்டார். பீயுன் அவருடைய ஏணியைக் கழுவித் துடைத்து, அவர் கடையில் சாத்திவிட்டு வந்தாள்.

சமரசக் குழுவுக்கு அவளோடு நானும் போனேன். நடந்ததை அவள் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிக்கொண்டார். முடிவில், சோதித்தவர் தன் பெயர் செதுக்கிய முத்திரையை வைக்க வேண்டும் என்று சிவப்பு மைப்பெட்டியை நகர்த்தினார். பதினோரு வருடமும் அவள் பார்த்த வேலைக்கெல்லாம் ஹூவின் முத்திரைதான் விழுந்தது. இவளிடம் சொந்த முத்திரை இல்லை. ஷென் அம்மா கைகளை மடியில் பிசைந்துகொண்டிருந்தார்.

பீயுன் மைப்பெட்டியை மெல்லத் திருப்பி நகர்த்திவிட்டுப் பேனா கேட்டாள். சீன எழுத்தில் அவள் பெயர் மூன்றே எழுத்து. கடைசி எழுத்துக்கு மேகம் என்று பொருள். மழை என்ற எழுத்தை மேலே போட்டுவிட்டுத்தான் அதை எழுத முடியும். ஒரு கோடும் விடாமல் எழுதினாள். காவ் எழுந்து வந்து படித்துப் பார்த்துவிட்டுத் தன் மனுவை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

தான் பார்த்த வேலைக்குக் கீழே என் தங்கை முதன்முதலாகத் தன் பெயரை எழுதியது எங்கள் மின்குவோ கணக்கில் நூற்றெட்டாம் ஆண்டு, அதாவது 2019, மார்ச் பதினான்கு, வியாழக்கிழமை.