பச்சைப் பலகை

முதியோர் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் அவரை எல்லோரும் கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே தலை நரைத்தவர். நின்று நின்று கால் நரம்பெல்லாம் சுருண்டுவிட்டதே தவிர, குரல் கொஞ்சமும் தேயவில்லை. சாப்பாட்டுக் கூடத்து வாசலை யாராவது அடைத்துக்கொண்டு நின்றால், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்குல்ல!" என்பார். ஊன்றுகோல்கள் தாமாக நகரும். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம்; பிள்ளை குட்டி கிடையாது. இருந்த ஒரு வீட்டையும் விற்றுத்தான் இந்த அறைக்கு வந்தார். இங்கிருந்து போ என்றால் அவருக்குப் போக்கிடம் இல்லை.

எதிர் அறையில் டீச்சர். பெரிய பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர், நாலு வார்த்தை பேசினால் அதிகம். இந்த இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போகும் என்று ஊரே வேடிக்கை பார்க்க, வந்த மாதமே நகமும் சதையுமாகிவிட்டார்கள். ஒருவர் பேசுவார், மற்றவர் திருத்துவார். அப்படியொரு சிநேகம்.

டீச்சருக்கு ஒரே ஓர் ஆசை, தூக்கம். காலமெல்லாம் விடியுமுன் எழுந்து, சமைத்து, புருஷனையும் பிள்ளையையும் அனுப்பிவிட்டு ஓடியவர். இனியாவது வெயில் ஏறும்வரை புரண்டு படுக்கலாம் என்று பார்த்தால் அந்த இடத்துச் சட்டம் குறுக்கே நின்றது. ஒவ்வொரு கதவின் வெளிப்பக்கமும் ஒரு சின்னப் பலகை தொங்கும். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. ராத்திரி ஆயா எல்லாவற்றையும் சிவப்புக்குத் திருப்பிவிட்டுப் போவார். காலையில் எழுந்தவர்கள் தாங்களே பச்சைக்குத் திருப்ப வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். எட்டு மணிக்கும் சிவப்பாகவே இருந்தால் நர்ஸ் சாவியோடு வந்து கதவைத் திறந்துவிடுவார்.

"உசுரோட இருக்கேன்னு தினம் எழுந்து ஆஜர் சொல்லணுமா?" என்று புலம்பினார் டீச்சர்.

"நீங்க பாட்டுக்குத் தூங்குங்க டீச்சர். நான் நடக்கப் போறப்ப திருப்பிட்டுப் போறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

யாருக்கும் தெரியவில்லை. நாளாக ஆக, தன் பலகையைத் திருப்பிய கை யோசிக்காமலே எதிர்ப் பலகையையும் திருப்பப் பழகிவிட்டது.

அன்றைக்கும் திருப்பினார். நடந்தார், குளித்தார், பேப்பரை ஒரு வரி விடாமல் படித்தார். மதியச் சாப்பாட்டுக்கும் டீச்சரைக் காணோம் என்றபோதுதான் காலையில் தான் திருப்பிய பலகை நினைவுக்கு வந்தது. நர்ஸைக் கையோடு இழுத்துக்கொண்டு ஓடினார். குளியலறை வாசலில் டீச்சர் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது, உதடு காய்ந்து வெடித்திருந்தது. விடிவதற்கு முன்பே விழுந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். பலகை சிவப்பாக இருந்திருந்தால் எட்டு மணிக்கே ஆள் வந்திருக்கும்.

ஆபரேஷன் முடிந்து டீச்சரைக் கீழ்த்தளத்துப் பராமரிப்புப் பிரிவில் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். விழுந்து கிடந்தவருடைய பலகை எப்படிப் பச்சையானது என்று மேனேஜர் கேட்டார். பக்கத்தில் நின்ற கண்டக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். டீச்சர் கண்ணை மூடியபடியே, "நான்தான் திருப்பினேன்" என்றார்.

அந்த ஒரு பொய் கண்டக்டரம்மாவைக் காப்பாற்றிவிட்டு டீச்சரைக் கவிழ்த்தது. அசைய முடியாமல் கிடந்தவர் பலகையைத் திருப்பினேன் என்கிறாரே, நினைவு தடுமாறுகிறது என்று முடிவுகட்டினார்கள். இனி மறதிக்காரர்கள் பிரிவுதான். அங்கே கதவை வெளியிலிருந்து பூட்டுவார்கள். அறையைக் காலி செய்ய மகனுக்குச் சொல்லியனுப்பினார்கள்.

கண்டக்டரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் தன்னைத் துரத்திவிடுவார்களோ என்ற பயம் வாயைக் கட்டிப்போட்டது. வெட்கக்கேடான பயம்தான், ஆனால் போக்கிடம் இல்லாதவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். மகன் வந்தான். எதிர் அறைப் புத்தகங்கள் அட்டைப்பெட்டியில் விழும் சத்தம் கேட்டது. அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. மகனும் மேனேஜரும் டீச்சரின் கட்டிலருகே பேசிக்கொண்டிருந்தபோது போய் நின்றார்.

"தம்பி, உங்கம்மா புத்தி தெளிவாத்தான் இருக்கு. எனக்காகப் பொய் சொன்னாங்க. தினமும் பலகையைத் திருப்புனது நான். அன்னைக்கும் நான்தான். என்னை என்ன பண்ணணுமோ பண்ணுங்க, அவங்க ரூமை மட்டும் எடுத்துடாதீங்க."

மகன் முகம் கறுத்தது. "என்ன காரியம் பண்ணிட்டீங்கம்மா!" என்று மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். டீச்சர் தேறியதும் தன் அறைக்கே திரும்பலாம், ஆனால் கண்டக்டரம்மாவின் விஷயத்தை மேலிடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது என்றுவிட்டு மகனை வெளியே அழைத்துப்போனார்.

டீச்சர் கண்ணைத் திறந்தார்.

"எட்டு மணிக்கு நர்ஸ் வருவாங்க, அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்போம்னு கிடந்தேன். அப்பதான் உன் செருப்புச் சத்தம் கேட்டுச்சு. கூப்பிட்டேன், குரலே எழும்பல. பலகை திரும்பி கதவுல இடிச்சுச்சு. இனிமே யாரும் வரமாட்டாங்கன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

கண்டக்டரம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் ஏன் டீச்சர் என்னைக் காப்பாத்துனீங்க?"

"உன்மேல கோவம் இல்லைன்னு நினைச்சியா? நிறைய இருக்கு. உன்னை வெளிய அனுப்பிட்டா அதை நான் யார்கிட்ட காட்டுறது?"

கண்டக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்று மாலை முழுக்க டீச்சர் அவரைத் திட்டினார். ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசாமல், கண்ணைத் துடைக்காமல், அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.