இடது பக்கம் இழுத்த வண்டி

இது ராத்திரி நடந்ததில்லை. பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கிற வெயிலில், எனக்கே நடந்தது. கதை கட்டி ஊரை மிரட்ட எனக்கு நேரமும் இல்லை, புத்தியும் இல்லை. மல்லாங்கிணற்றில் உரக்கடையில் பில் போடுகிறவன் நான். இதை எழுதும்போதே குமட்டுகிறது. பயம்கூட இந்த ஒரு மாதத்தில் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அருவருப்பு குறையவில்லை.

அருவருப்பு எனக்குப் பிறவியிலேயே ஜாஸ்தி. அடுத்தவன் சீப்பைத் தொடமாட்டேன். பஸ்ஸில் பக்கத்து ஆள் எண்ணெய்த் தலையை என் தோளில் சாய்த்தால் எழுந்து நின்றுகொள்வேன். அப்படிப்பட்டவன் அடுத்தவன் உட்கார்ந்து தேய்த்த பழைய பைக்கை வாங்கப் போனது என் மனைவி தங்கச்செல்விக்காகத்தான். அவளுக்கு அப்போது ஏழாம் மாசம். செக்கப்புக்கு அருப்புக்கோட்டை போகும் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. அவளும் வயிற்றுப் பிள்ளையும் இடிபடாமல் போய்வர வேண்டும், எனக்கு அவ்வளவுதான் வேண்டும்.

செல்போனில் வந்த விளம்பரத்தில் பார்த்த வண்டி அது. விற்றவன் பெயர் ராஜகுரு. திருச்சுழி தாண்டி ஒரு கிராமம், முப்பது வயசு இருக்கும்.

நான் ஏமாறுகிற ஆள் இல்லை. முதலில் என்ஜினைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாமல் போய்விடும். சேஸிஸ் நம்பர்மேல் அப்பியிருந்த கிரீஸை நகத்தால் சுரண்டி, ஆர்.சி. புக்கோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தது. லோன் முடிந்ததற்கு பைனான்ஸ்காரர்கள் கொடுத்த என்.ஓ.சி. இருந்தது. பெயர் மாற்றும் படிவங்களில் என் கண் முன்னாலேயே கையெழுத்து வாங்கினேன். பிரேக், செயின், டயர், லைட், எதையும் விடவில்லை. பின்சக்கரத்தை மறைக்கும் சேலை கார்டு மட்டும் இல்லை. போல்ட் மாட்டிய ஓட்டைகள் இருந்தன.

"சேலை கார்டு எங்கங்க?"

"அத அப்பவே கழட்டிட்டேன். நீங்க புதுசு மாட்டிக்கோங்க."

கடைசிவரை அவன் வண்டிப் பக்கமே வரவில்லை. துண்டை மூக்கில் வைத்தபடி சுவரோரமாக நின்றான். சாவியைக்கூடத் தூக்கித்தான் போட்டான். என்ன மரியாதை கெட்ட ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினேன். ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஆள் இல்லை, ஆடுகூட இல்லை. கொஞ்ச தூரத்திலேயே வண்டி இடது பக்கம் இழுத்தது. பெண்களை ஒரு பக்கமாக உட்காரவைத்து ஓட்டும்போது இழுக்குமே, அப்படி. நானோ தனியாகப் போகிறேன். முன்சக்கரத்தைப் பிடிக்கும் போர்க் வளைந்திருக்கும், பார்க்காமல் விட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பிறகு முதுகு நனைந்தது. வியர்வை என்று நினைத்தேன். ஆனால் வியர்வை இப்படி ஜில்லென்று இருக்காது. பிசுபிசுவென்று சட்டையோடு ஒட்டியது...

அப்புறம் அந்த வாடை. பால் திரிந்த வாடை. வெயிலில் மூடிக் கிடந்த தூக்குச்சட்டியைத் திறந்தால் வருமே, அது. ஹெல்மெட்டுக்குள் மூச்சு விட முடியவில்லை.

அறுபதில் போகிறேன். முதுகில் ஈ மொய்க்கிறது.

அருப்புக்கோட்டைக்கு வெளியே ஒரு பங்க். பன்னிரண்டு முப்பத்தைந்து. பெட்ரோல் போடும் பெண் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"எக்கா, கொஞ்சம் எறங்கிக்கோங்க."

கிரீச்...

பின் ஷாக் அப்சர்பர் மேலே எழும்பியது. உட்கார்ந்திருந்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. திரும்பினேன்.

யாரும் இல்லை.

"வெயில்ல நிக்காதீகக்கா, நெழலுக்குப் போங்க" என்றாள். கூரையின் நிழலைப் பார்த்தேன். வெறும் தரைதான். பெட்ரோல் போட்டு முடித்தாள்.

"ஏறிக்கோங்கக்கா."

கிரீச்... வண்டி அமுங்கியது. இடது பக்கமாக.

அந்தப் பெண் மூக்கைச் சுளித்தாள். என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "பச்சப்பிள்ளக்காரியாண்ணே? பால் கட்டி ரவிக்கையெல்லாம் நனஞ்சு கெடக்கு. சீக்கிரம் பிள்ளகிட்டக் கூட்டிட்டுப் போங்க."

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. என் கை தானாகவே கிளட்ச்சை விட்டது. எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை.

தெரிந்த மெக்கானிக் தவசியின் பட்டறை முன்னால் சைடு ஸ்டாண்டு போட்டுவிட்டுக் குதித்தேன். சாக்கடை ஓரம் நின்று வாந்தி எடுத்தேன். தங்கச்செல்வி செக்கப் முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தாள். பட்டறைக்கு வந்து என்னோடு புது வண்டியில் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. உடனே போன் போட்டேன்.

"நீ பஸ்ஸுல போ. இங்க வராத."

"ஏங்க, பட்டறைகிட்ட வந்துட்டேனே."

நிமிர்ந்தேன். நடந்து களைத்தவள், வண்டியைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே போய்ப் பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"தங்கம், எந்திரி!"

அவள் உட்கார்ந்தபோது வண்டி அமுங்கவில்லை.

மேலே எழும்பியது.

கிரீச்...

தவசி வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். "எங்க இழுக்குது? நேராத்தான போகுது. உங்களுக்கு வெயில் மண்டையில ஏறிருச்சு போல" என்றான். சீட்டில் வாடையும் இல்லை. நான் மோந்தே பார்த்தேன், வெட்கமில்லாமல்.

அன்று ராத்திரி தங்கச்செல்வி தூக்கத்தில் புரண்டு படுத்தாள். வாடை அவளிடமிருந்து வந்தது. ரவிக்கை நனைந்திருந்தது. பிறகு ஆஸ்பத்திரியில் காட்டியபோது டாக்டரம்மா சிரித்தார். சிலருக்குப் பிரசவத்துக்கு முன்னாலேயே சுரக்குமாம், பயப்பட ஒன்றுமில்லையாம். ஆனால் அது திரிந்த பால். என் மனைவியின் பக்கத்தில் படுக்க எனக்குக் குமட்டுகிறது. அப்படி நினைப்பதால் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

வண்டி வாங்கிய மறுநாள் காலையிலேயே அதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்.

"ராஜகுருவா? திருப்பூரு போய்ட்டான்ப்பா. பிள்ள அங்க தங்கச்சி வீட்டுல வளருதுல்ல. இவன் பொண்டாட்டி கஸ்தூரி, பிள்ளை பெத்து ஒரு மாசந்தான். பிள்ளைய இங்க விட்டுட்டு டவுனுக்குப் போனவ, பால் கட்டிருச்சுன்னு அவசரமாக் கெளம்பி இவன் பின்னால உக்காந்து வந்தா. சேல சக்கரத்துல சுத்திருச்சு. நடு ரோட்டுல போய்ட்டா. அதுலருந்து அந்த வண்டிய எடுத்தாலே ஒரே நாத்தம்னு பொலம்புவான்."

"யாருகிட்டயாச்சும் தள்ளிவிடணும்னு என்கிட்ட வித்துட்டானா?"

அந்தம்மா குடத்தைக் கீழே வைத்தார்.

"யாருகிட்டயாச்சும் இல்லப்பா. வண்டி கேட்டு நெறையப் பேரு பேசுனாக. கல்யாணமாகாத பயலுக எம்புட்டோ கெஞ்சுனானுக. எவனுக்கும் குடுக்கல. போன்ல எல்லார்கிட்டயும் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பான். நானே காதால கேட்டிருக்கேன். வீட்டுல அவுக மாசமா இருக்காகளான்னு..."

என்னிடமும் கேட்டான். ஏழாம் மாசம் என்று சந்தோஷமாகச் சொன்னேன்.