பொடியாய்ப் போன கல்கண்டு

கனிமம் என்றால் பூமியில் தானாக விளைந்திருக்க வேண்டும், உள்ளே அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருக்க வேண்டும் என்றார் எங்கள் அறிவியல் டீச்சர். பக்கத்தில் இருந்த பர்வீன் என் காதில், "எங்க கல்கண்டுலயும் அடுக்கு இருக்குடி. ஆனா அத்தா காய்ச்சினாதான வருது? அப்போ அது கனிமம் இல்ல" என்றாள். திருவண்ணாமலைக் கோயில் கடைகளுக்குக் கல்கண்டு காய்ச்சித் தருபவர் அவள் அத்தா.

1978-இல் பர்வீனுக்கு நிக்காஹ் ஆனது. அத்தா காய்ச்சும் கல்கண்டோடுதான் அவளை ஆம்பூரில் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவது என்று பேச்சு. நூல் கட்டிய தவலையில் பாகை ஊற்றி ஒரு வாரம் அசையாமல் வைத்தால்தான், அடுக்கு நிதானமாக வளர்ந்து கட்டி பெரிதாகும்.

கிளம்பும் நாளில் திறந்தால், எல்லாம் மணல் போலப் பொடி.

"யாரு இதை ஆட்டுனது?" அத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடி காய்ச்சினார். பயணம் ஒரு வாரம் தள்ளிப்போனது.

கிணற்றடியில் பர்வீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான்டி குலுக்கினேன். இன்னும் ஒரு வாரம் உங்களோட இருக்கலாம்ல?"

"அடுத்ததையும் குலுக்கிடேன்" என்றேன்.

"அத்தா முகத்தைப் பார்த்தல்ல? மனசு வரலடி."

இரண்டாவது தவலையில் கட்டிகள் கண்ணாடி போல விளைந்தன. அவள் போய்விட்டாள்.

இன்றும் கடையில் பொடிக் கல்கண்டைப் பார்த்தால், எங்கோ ஒருத்தி கிளம்ப மனமில்லாமல் தவலையைக் குலுக்கியிருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.