ஹபீப் முகம்மதுவின் குடலிறக்கம்

கூத்தாநல்லூரில் ரெடிமேடு துணிக்கடை வைத்திருந்த ஹபீப் முகம்மதுவுக்குத் தொப்புளில் எலுமிச்சம்பழம் அளவு புடைப்பு வந்தது. துணி மூட்டை தூக்கியதால்தான் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். படுத்தால் உள்ளே போய்விடும். இருமினால் வெளியே வரும். வயிறு பெருத்தபோது கைலியைத் தளர்த்திக் கட்டிச் சமாளித்தார்.

"சோறே எறங்கல, வயிறு மட்டும் எப்படிங்க பெருக்குது?" என்று மனைவி ரசியா பேகம் கேட்டார்.

"வயசாகுதுல்ல."

வலி தாங்காமல் கடைசியில் தஞ்சாவூர் போனார். குடலிறக்கம், சின்ன ஆபரேஷன்தான் என்றார்கள். ஆனால் அறுத்துப் பார்த்தபோது, பிதுங்கிய சவ்வில் கேழ்வரகு தூவியதுபோலக் கட்டிகள். வயிற்றில் நீர் கோத்திருந்தது. டாக்டர் சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்ததும், "கடைக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார்.

"குவைத்துல, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில. சூடு போகாம இருக்க, குழாய்க்கு வெள்ளையா பட்டை சுத்துவோம். பழசைப் பிச்சா மாவு மில்லு மாதிரி தூசி பறக்கும்."

"அது கல்நாரு, ஆஸ்பெஸ்டாஸ். அந்தத் தூசிதான் இத்தனை வருஷம் கழிச்சு வயித்துச் சவ்வுல கேன்சரா வந்திருக்கு. உள்ள நீர் சேந்து அழுத்தினதாலதான் குடல் பிதுங்கிச்சு."

"நான் சிகரெட்டுகூடத் தொட்டதில்லையே, டாக்டர்" என்றார் ஹபீப்.

குவைத்தில் போர் மூண்டு ஊர் திரும்பும்வரை அவருடன் அதே வேலை பார்த்தவர் ஒரத்தநாட்டுப் பஞ்சநதம். அவரும் குடலிறக்கத்துக்கு பெல்ட் கட்டியிருப்பதாகப் பெருநாளன்று போனில் சொல்லியிருந்தார். தையல் பிரித்ததும், ரசியா தடுத்தும் கேளாமல், ஹபீப் பஸ் ஏறினார்.

பஞ்சநதம் நடவு வயலில் நின்றார். "என்ன பாய், இப்படி எளச்சுட்டீங்க?"

ஹபீப் எல்லாவற்றையும் சொன்னார். "பெல்ட்ட நம்பாத. ஸ்கேன் எடுக்கணும்."

பஞ்சநதம் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "நடவு முடியட்டுமே பாய்."

"நடவ உன் மகன் பாத்துப்பான். கெளம்பு."

அதே தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு ஹபீபே கூட்டிப்போனார். பஞ்சநதத்துக்கு வெறும் குடலிறக்கம்தான். நடவு முடிந்ததும் ஆபரேஷன் செய்துகொண்டால் போதும் என்றார்கள். இருந்தாலும் வருஷாவருஷம் வந்து காட்டச் சொன்னார்கள். வெளியே டீ குடிக்கையில் ஹபீபுக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அந்தப் பொறாமையை ரசியாவிடம் மட்டும் சொன்னார். "மனுசன்தானேங்க" என்றார் ரசியா.

மருந்து ஏற்றியும் நோய் நிற்கவில்லை. குறுவை அறுவடை சமயத்தில் ஹபீப் இறந்தார். ஜனாஸாவைத் தூக்கப் பஞ்சநதம் தோள் கொடுக்க வந்தார்.

"நீங்க இப்பத்தான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவரு, தூக்காதீங்க" என்று தடுத்தார்கள்.

அவர் பின்னாலேயே நடந்து போனார்.